முப்பத்திரண்டாவது புகார்

காணாமல் போனவரின் போட்டோ இருக்கிறதா என்று தேவகி கேட்டாள். கலீமுல்லா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் ஒன்றுமில்லை.

“முகம் உருண்டை, நிறம் சாம்பல்னு எழுதிக்கட்டுமா மேடம்?” என்றான் ஜோசுவா, நோட்டைத் திறந்தபடி.

தேவகி அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அடுத்த ஜோக் வரும் என்பது ஆறு வருட அனுபவம். கூரியர் கம்பெனியில் காஞ்சிபுரத்தின் ஒவ்வொரு கதவையும் தட்டிக்கொண்டிருந்தவனை, அந்தக் கதவுகளுக்காகவே வேலைக்கு எடுத்தாள். வாயும் சேர்ந்து வந்துவிட்டது. அதற்குத் தனியாகச் சம்பளம் கேட்காதவரை சரி என்று விட்டுவிட்டாள்.

பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில், ஒரு பழைய வீட்டின் மாடி அறை. சுற்றிலும் தறிச் சத்தம். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் தேவகி உட்கார்ந்துவிட்டதால் கலீமுல்லா அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். டீ இரண்டு டம்ளரில் வந்தது. ஒன்றின் அடியில் பாத்திரக்கடைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டிலும் சர்க்கரை இல்லை. இந்த வீட்டுக்கு இரண்டாவது ஆள் வருவதே அபூர்வம் என்று கண்டுபிடிக்க அவளுக்குத் துப்பறியும் மூளை தேவைப்படவில்லை. அவள் வீட்டிலும் இதே கதைதான். பதினைந்து வருடமாகக் கல்யாண விசாரணை செய்து, யார் யாரோடு குடும்பம் நடத்தலாம் என்று நானூறு வீட்டுக்கு அறிக்கை கொடுத்தவள், இரவானால் ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பாள்.

“பேர்?” என்று ஆரம்பித்தாள்.

“குவயட்ரூம். அவர் வெச்சுக்கினு இருக்கிற பேர் அதான். நிஜப் பேர் தெரியாது.”

“ஆணா, பொண்ணா?”

“தெரியாது மேடம்.”

“ஊர்?”

“நார்வேயா இருக்கலாம்.”

“அது எப்படி?”

கலீமுல்லா கூச்சத்தோடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அமைதியான அறைன்னு பேர் வெச்சிருக்காரு. அந்த மாதிரி ஊர்லதான் அமைதியா இருக்கும்னு நானா நினைச்சுக்கினேன்.”

“பாய், நார்வே பக்கம் எனக்குக் கதவு பழக்கம் இல்ல” என்றான் ஜோசுவா.

கலீமுல்லாவுக்கு முப்பத்தெட்டு வயது. பட்டு வியாபாரக் குடும்பம். அண்ணன்கள் கடையோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்து, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு இந்த மாடியிலிருந்தே வேலை செய்கிறார். அம்மா உம்முசல்மா மே மாதம் இறந்ததிலிருந்து தனி ஆள்.

“உங்க வேலை என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க” என்றாள் தேவகி.

“நாம எழுதறது மெஷினுக்குப் புரியாது. நடுவுல ஒருத்தர் உட்கார்ந்து அதை மெஷினோட பாஷைக்கு மாத்தணும். அந்த ஆளுக்குப் பேரு கம்பைலர். ஆளை உருவாக்கறது என் வேலை. கம்பெனிக்கு ஒண்ணு பண்றேன், அது சம்பளத்துக்கு. எனக்குன்னு ஒண்ணு எட்டு வருஷமா பண்றேன். நானே ஒரு மொழி எழுதி, அதுக்குக் கம்பைலரும் எழுதி, யார் வேணா எடுத்துக்கலாம்னு நெட்டுல போட்டிருக்கேன். அதுல எல்லாமே ஃபங்ஷன். ஒரு கேள்விக்கு ஒரே பதில்தான். காலையில கேட்டாலும், ராத்திரி கேட்டாலும், கோவத்துல கேட்டாலும் அதே பதில் வரும்.”

“எங்க வீட்டுல குழம்பு எப்படி இருக்குதுன்னு நான் சொல்ற பதிலும் அப்படித்தான் பாய். உயிர் பயம்” என்றான் ஜோசுவா.

கலீமுல்லா சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு ஒரு நொடி பிடித்தது. “நாலாயிரம் பேர் டவுன்லோட் பண்ணாங்க. நிஜமா உட்கார்ந்து உபயோகிச்சது ஒருத்தர்தான். இவர். மாசம் ஒரு புகார் அனுப்புவார். எங்க தப்பு வருதுன்னு அவ்வளவு அழகா, பொறுமையா எழுதுவார். நான் சரி பண்ணுவேன். ரெண்டரை வருஷத்துல முப்பத்தொரு புகார். மூணு மாசமா சத்தமே இல்ல. ஸ்டேஷனுக்குப் போனேன். யார் காணோம்னு கேட்டாங்க. புகார் குடுக்கிறவர் காணோம்னு சொன்னேன். அது நல்லதுதானேன்னு அனுப்பிட்டாங்க.”

“கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். உயிரோட இருக்காரா, அதுமட்டும் தெரியணும். திங்கட்கிழமை எல்லாத்தையும் மூடப் போறேன் மேடம். அறிவிப்புகூட எழுதி வெச்சுட்டேன். யாருமே இல்லாத கடைக்கு எத்தனை நாள் விளக்கேத்தறது? அவர் ஒருத்தர் இருந்தா மூட மாட்டேன்.”

அன்று வியாழக்கிழமை. தேவகி, “புகார் வந்த தேதியெல்லாம் இருக்குதா?” என்று கேட்டாள்.

அவர் ஒவ்வொன்றையும் சரிசெய்த கையோடு குறித்து வைத்த பட்டியல் வந்தது. ஜனவரி 29, பிப்ரவரி 27, மார்ச் 29, ஏப்ரல் 27. அதற்கு முந்தைய வருடங்களும் அப்படியே, இருபத்தொன்பது நாள், முப்பது நாள் இடைவெளி.

“இதை நானும் பார்த்தேன் மேடம். ஒரு புரோகிராம் எழுதி அலசினேன். கிழமையோட பொருந்தல. சம்பளத் தேதியோட பொருந்தல. நார்வே லீவு நாளோடயும் பொருந்தல.”

தேவகி எழுந்து சுவருக்குப் போனாள். அண்ணன் கடை விளம்பரத்தோடு ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. ஜனவரி 11-லேயே நின்றிருந்தது.

“அம்மாதான் கிழிப்பாங்க. ஜனவரியில ஆஸ்பத்திரிக்குப் போனாங்க” என்றார் கலீமுல்லா.

கிழிக்காமல் விட்டதும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. போன தேதிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. தேவகி தாள்களைப் புரட்டினாள். ஜனவரி 29-ல் நின்றாள். மார்ச் 29. ஏப்ரல் 27. ஒவ்வொரு தாளிலும் தேதிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு முழு வட்டம்.

“அமாவாசை” என்றான் ஜோசுவா. “மேடம், இது நார்வே கேஸ் இல்ல. மந்திரவாதி கேஸ்.”

“சார், உங்க தெரு என்னைக்காவது அமைதியா இருக்குமா?”

“மாசத்துல ஒருநாள் இருக்கும். அன்னைக்குத்தான் என் வேலை நல்லா ஓடும்.”

“எதனால அமைதின்னு யோசிச்சிருக்கீங்களா?”

கலீமுல்லா யோசித்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது. அமாவாசைக்கு நெசவாளி தறியில் உட்கார மாட்டார். இந்த ஊரில் பட்டு விற்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அதை ஒரு வெளியாள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிழமையைத் தேடினார், தேதியைத் தேடினார், அயல்நாட்டு லீவைத் தேடினார். ஜன்னலுக்கு வெளியே மட்டும் தேடவில்லை.

“அப்போ அவர் நெசவாளியா?”

“அவர் அனுப்பின புரோகிராம்ல என்ன இருந்துச்சு? வாயால சொல்லுங்க.”

“எல்லாத்துலயும் ஒரே அமைப்புதான். மூணு பட்டியல். நடுவுல ஒண்ணு பெருசா. ரெண்டு பக்கமும் சின்னதா. இடது பக்கத்தைத் திருப்பிப் போட்டா வலது பக்கம் வரணும். ஓரத்துல மூணும் இசகுபிசகு இல்லாம சேரணும். அந்தச் சேர்க்கையிலதான் என் கம்பைலர் தப்பு பண்ணும்.”

“ரெண்டு பக்கம் கரை, நடுவுல உடல்” என்றான் ஜோசுவா. “பாய், இவ்வளவு நாளா உங்களுக்கு ஒருத்தர் புடவையை அனுப்பிக்கினு இருந்திருக்காங்க.”

கலீமுல்லா ஜன்னலைப் பார்த்தார். இரண்டரை வருடமாக எங்கோ பனி கொட்டுகிற ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தெருக்கோடியில் ஒரு ஆள் என்பது ஜீரணமாக நேரம் பிடிக்கும்தான். ஆனால் நெசவாளி என்று தெரிந்தால் மட்டும் போதாது. இந்த ஊரில் நெசவாளியைத் தேடுவது பெருமாள் கோயில் கூட்டத்தில் நாமம் போட்டவரைத் தேடுகிற கதை.

“தப்பு வந்தா உங்க கம்பைலர் என்ன சொல்லும்? அப்படியே காட்டுங்க.”

குவயட்ரூம் ஒரு புகாரோடு ஒட்டி அனுப்பியிருந்த இரண்டு வரிகள் திரையில் ஆங்கிலத்தில் வந்தன. கலீமுல்லா இரண்டாவது வரியில் விரல் வைத்தார். “பிழை இதுதான்.”

“மேல் வரி?”

“அது ஒண்ணுமில்ல மேடம். அந்த ஃபைல் எந்தக் கம்ப்யூட்டர்ல எந்த ஃபோல்டர்ல இருந்துச்சுன்னு கம்பைலர் தானா போடும். நான் படிக்கறதே இல்ல.”

தேவகி படித்தாள். ஃப்ளெக்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் கண்ணீர் அஞ்சலி. அதற்குள் வார்டு பதினொன்று. அதற்குள் பழசு. எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். முப்பத்தொரு புகாரிலும் அதே வரி.

“உங்க கம்பைலர் ரெண்டரை வருஷமா அட்ரஸ் சொல்லிக்கினே இருந்திருக்குது சார்.” அவள் ஜோசுவாவைப் பார்த்தாள். “கம்ப்யூட்டர் அவங்களுது இல்ல. ஃப்ளெக்ஸ் கடையில உட்கார்ந்து பண்றாங்க. செத்தவங்க பேனரை வார்டு வாரியா பிரிச்சு வைக்கிற கடைக்காரன் யாரு?”

“பேனர் அடிக்கிறவனுக்கு வார்டு எதுக்கு மேடம்?”

“ஓட்டுக்கு. எந்த வார்டுல யார் வீட்டுல சாவுன்னு கணக்கு வெச்சுக்கணும்னா அவனுக்குக் கவுன்சிலர் ஆசை இருக்கணும்.”

ஜோசுவாவின் முகம் மலர்ந்தது. “ஆனந்தராஜ். நின்னான், தோத்தான், அடுத்த தடவைக்கு இப்பவே துக்கம் விசாரிச்சுக்கினு இருக்கான்.”

ஜோசுவா வண்டியை எடுத்தான். பாதி வழியில்தான் வாயைத் திறந்தான். “மேடம், மூணு மாசமா ஆளைக் காணோம். ஃபைல் இருக்கிறது கண்ணீர் அஞ்சலி ஃபோல்டர்ல. அங்க போனா போட்டோவோட இருந்துடப் போறாங்க.”

அதே எண்ணம் தேவகிக்கும் வந்திருந்தது. வண்டியை ஓட்டு என்று மட்டும் சொன்னாள்.

ஆனந்தராஜ் கடையில் பெரிய மெஷின் ஒன்று யாருடைய காதணி விழாவையோ மெல்ல மெல்லத் துப்பிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் மை. தேர்தலுக்கும் தொழிலுக்கும் ஒரே உடுப்பு. தேவகி நேராகக் கேட்டாள்.

“அமாவாசைக்கு அமாவாசை உங்க கம்ப்யூட்டர்ல ஒருத்தர் வந்து உட்காருவாரே, அவர் யாரு?”

“ஏன்மா, எதுனா பிரச்சனையா?”

“இல்ல. உயிரோட இருக்காங்களா?”

ஆனந்தராஜ் கையைத் துடைத்தான். “இன்னா கேள்விமா இது? பொன்னி நல்லா இருக்குது. நேத்துகூட ரேஷன் கடையில பார்த்தேன்.”

தேவகி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். பொன்னி பக்கத்திலிருக்கும் கூரம் கிராமத்துப் பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். நெசவாளி கோதண்டபாணியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, கல்யாணத்துக்குப் பிறகுதான் தறி பழகினாள். அமாவாசை காலையில் பத்தரைக்கு வருவாள். கடைக்கு இரண்டு பேனருக்கு ஓரம் வரைந்து கொடுப்பாள். பதிலுக்கு இரண்டு மணிநேரம் கம்ப்யூட்டர் அவளுக்கு. தன் ஃபைலை யாரும் திறக்காத இடமாகப் பார்த்து அவளேதான் அந்த ஃபோல்டரில் வைத்துக்கொண்டாள்.

“செத்தவங்க பழைய பேனரை எவன்மா திறக்கப் போறான்? புத்திசாலிப் பொண்ணு” என்றான் ஆனந்தராஜ். “மே மாசம் வந்துச்சு. என்னமோ நல்லபடியா முடிஞ்ச மாதிரி சிரிச்சுக்கினே தட்டிக்கினு இருந்துச்சு. அடுத்த நிமிஷம் ஸ்கிரீனையே பார்த்துக்கினு இருக்குது. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கினு எழுந்து போயிடுச்சு. இனிமே வரலண்ணா, அப்படின்னுச்சு. யார் மேல கோவம்னு கேட்டேன். கோவப்படறதுக்கு ஆள் இருந்தாத்தானேண்ணா அப்படின்னுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல.”

தேவகிக்கும் புரியவில்லை. கலீமுல்லா ஏதாவது எழுதிப் புண்படுத்தியிருப்பாரோ? அந்த மனிதருக்குக் கொசுவைக்கூட அடிக்க வராது போலிருந்ததே.

பொன்னி வீடு இருந்த தெரு, கலீமுல்லாவின் மாடியிலிருந்து மூன்றாவது தெரு. கல்யாண விசாரணைக்காரி தேவகி ஒரு வாசலில் ஏறினால் எதிர்வாசலில் நாலு தலை தெரியும் என்பதால், அவர்களைச் சமாளிக்க ஜோசுவாவைத் தெருவில் நிறுத்தினாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. குழியில் கால் விட்டு உட்கார்ந்து பொன்னி நெய்துகொண்டிருந்தாள். வலது ஓரத்தில் அவள் நாத்தனார் அம்சா கரை நூல் சுற்றிய நாடாக்கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டு பேர் இல்லாமல் அந்தப் புடவை நகராது.

சேலை விலை கேட்க வந்தவள் என்று நினைத்துப் பொன்னி நிமிராமலே, “இது ஆர்டர் சேலைமா” என்றாள்.

“குவயட்ரூம் நீங்கதானே?”

தறி நின்றது.

“யாரு அண்ணி?” என்றாள் அம்சா.

“தெரிஞ்சவங்க. நீ போய்த் தண்ணி குடிச்சுட்டு வா” என்றாள் பொன்னி. அம்சா தேவகியை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். “உங்களை யாரு அனுப்பினது?”

“அந்தக் கம்பைலரை எழுதினவர். மூணு மாசமா உங்களைக் காணோம்னு தேடிக்கினு இருக்கார்.”

பொன்னி சிரித்தாள். சந்தோஷமில்லாத சிரிப்பு. “மெஷினுக்கு ஆள் வெச்சுத் தேடக்கூடத் தெரியுமா?”

“எந்த மெஷின்?”

பொன்னி ஜன்னல் மாடத்திலிருந்து போனை எடுத்தாள். ஒரு படத்தைத் தேடிக் கொடுத்தாள். ஆனந்தராஜ் கடைத் திரையைப் போனில் எடுத்த படம். “என் புகாரையெல்லாம் எண்ணிப் பார்த்திருப்பாங்களே, எத்தனைன்னு சொன்னாங்க?”

“முப்பத்தொண்ணு.”

“முப்பத்திரண்டு.” அவள் குரலில் தறி நின்ற அமைதி இருந்தது. “முப்பத்தொரு தடவையும் ஒரே பதில்தான் வரும். ‘உங்கள் கவனமான புகாருக்கு நன்றி. அடுத்த பதிப்பில் சரிசெய்யப்பட்டது.’ ஒரு எழுத்து கூடாது, குறையாது. அப்பவும் மனுஷன்னுதான் நினைச்சேன். அதிகம் பேசாதவர் போலன்னு. பதில் வர ஒருநாள் ஆகும், ரெண்டுநாள் ஆகும். அடுத்த அமாவாசைக்குப் போய்ப் பார்ப்பேன். மே மாசம் எல்லாம் சரியா ஓடிச்சு. கரை உடலோட அப்படியே சேர்ந்துச்சு. புகார் ஒண்ணுமே இல்ல. சந்தோஷத்துல சும்மா ரெண்டு வரி எழுதினேன்.”

தேவகி படத்தைப் பெரிதாக்கினாள். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘இன்றைக்குப் பிழை எதுவும் இல்லை. சும்மாதான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?’

அதன் கீழே, இரண்டே நொடியில் வந்த பதில்: ‘உங்கள் கவனமான புகாருக்கு நன்றி. அடுத்த பதிப்பில் சரிசெய்யப்பட்டது.’

“அதே வார்த்தை” என்றாள் பொன்னி. “அப்போ முன்னாடி வந்ததெல்லாமும் மெஷின்தான்னு புரிஞ்சுது. ரெண்டரை வருஷமா யார்கிட்டயோ பேசிக்கினு இருக்கிறதா நினைச்சுக்கினு இருந்திருக்கேன். இந்த வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா நான் எதுல மூளையை உடைச்சுக்கிறேன்னு தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ஒருத்தர் இருக்கார்னு நினைச்சேன்.”

துப்பறிகிறவள் யார் பக்கமும் சாயக்கூடாது என்பது தேவகியின் தொழில் தர்மம். அதை இன்று ஒருநாள் மூட்டை கட்டி வைத்தாள். “அவர் இருக்கார்மா. காலையில அவர் போட்ட டீயைக் குடிச்சுட்டுத்தான் வர்றேன். சர்க்கரை போட மறந்துட்டார். கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கினு அதையே வீடெல்லாம் தேடறார். நீங்க எழுதின முப்பத்தொண்ணையும் கேட்டா ஒப்பிப்பார்.”

பொன்னி நூலில் இருந்த ஒரு சிறு முடிச்சை நகத்தால் எடுத்தாள். “என் பேர், தெரு எதுவும் அவர்கிட்ட சொல்லாதீங்க. தப்பா ஒண்ணும் இல்ல. ஆனா இதை இந்தத் தெருவுக்கு எப்படி விளக்கறது?”

“சொல்ல மாட்டேன். மறுபடி எழுதுவீங்களா?”

“அங்க ஆள் இருந்தா எழுதறேன்” என்றாள் பொன்னி. அம்சா திரும்பி வந்தாள். தறி ஓட ஆரம்பித்தது.

வாசலில் ஜோசுவா நாலு பெண்களுக்கு நடுவே நின்று, கோடி வீட்டில் ஒரு என்ஜினீயர் மாப்பிள்ளைக்குப் பெண் தேடுவதாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் இரண்டு பேர் ஜாதகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

மாடியில் கலீமுல்லா அட்டைப்பெட்டியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

“உயிரோட இருக்காங்க” என்றாள் தேவகி. அவர் உட்கார்ந்தார். “ஆனா காணாமப் போனது அவங்க இல்ல சார். நீங்கதான்.”

படத்தில் பார்த்ததைச் சொன்னாள். அவர் முடித்துவைத்த புகார்களின் பட்டியலைத் திறந்தார். முப்பத்திரண்டு அங்கே இருந்தது. வந்த நொடியிலேயே பதில் சொல்லப்பட்டு, தீர்ந்தது என்று மூடப்பட்டு.

“இது நான் வெச்ச புரோகிராம்தான்” என்றார். “மே மாசம் அம்மாவுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். இவர் புகார் வந்து பதில் இல்லாம காத்திருக்கக் கூடாதேன்னு, நான் எப்பவும் எழுதற அதே வரியை தானா போற மாதிரி செஞ்சு வெச்சேன். மறந்துட்டேன். திறந்திருக்கிற புகார்ல மட்டும்தான் தேடினேன். மூடினதைப் பார்க்கல.” அவர் தேதியைப் பார்த்தார். “இது வந்தப்போ அம்மாவை அடக்கம் பண்ணி ஒரு வாரம். நான் இந்த ரூம்லதான் இருந்தேன் மேடம். யாராவது இருக்கீங்களான்னு கேட்டப்போ இங்கதான் சும்மா உட்கார்ந்துக்கினு இருந்தேன்.”

ஜோசுவா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தான்.

கலீமுல்லா முதலில் அந்தப் புரோகிராமை அழித்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். “என்ன எழுதறதுன்னே தெரியல. இத்தனை வருஷமா மெஷினுக்குப் புரியற மாதிரிதான் எழுதியிருக்கேன்.”

“அவங்க முப்பத்தொரு தடவை எழுதினாங்களே. நீங்க அவங்களை ஒரு கேள்வியாவது கேட்டிருக்கீங்களா?”

அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒன்றுகூட இல்லை.

கடைசியில் தமிழில் எழுதினார்: ‘இருக்கிறேன். அன்றைக்கும் இங்கேதான் இருந்தேன். பதில் சொன்னது நான் இல்லை, நான் வைத்த மெஷின். மன்னிக்க வேண்டும். அதற்கு முன்னால் வந்த முப்பத்தொரு பதில்களும் நானே எழுதியவை. எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. இதைக் கேட்க இவ்வளவு நாள் ஆனது: இதை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்தார்.

“இப்போ வராது சார். அடுத்த அமாவாசைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்குது” என்றாள் தேவகி. “அதுவரைக்கும், அதுக்கு அப்புறமும் ஆனந்தராஜ் கடைப் பக்கம் போக மாட்டீங்கன்னு எனக்கு வாக்கு குடுங்க.”

“போக மாட்டேன். ஆனா அன்னைக்கும் வரலன்னா?”

“அன்னைக்கு நான் வந்து கூட உட்காருறேன்” என்றாள் தேவகி.

திங்கட்கிழமை வந்தது, போனது. அறிவிப்பு வெளியாகவில்லை.

அமாவாசை அன்று தேவகி தனியாக வந்தாள். ஜோசுவாவுக்கு லீவு கொடுத்திருந்தாள். தெரு ஓய்ந்து கிடந்தது. மாடியில் புதிதாக ஒரு நாற்காலி இருந்தது. பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் ஒருவரோடு உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று என்று தேவகி எண்ணிப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். பதினொன்றே முக்காலுக்கு லேப்டாப் மெல்ல ஒலித்தது.

கலீமுல்லா படித்தார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது, அதை இறக்கிவிட்டு மறுபடி படித்தார். பிறகு தேவகி பக்கம் திருப்பினார்.

நீளமான புகார். எந்த வரியில், எந்தப் பட்டியலில், எத்தனையாவது இடத்தில் தப்பு வருகிறது என்று பொறுமையாக, வரிசையாக எழுதியிருந்தது. தேவகிக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

“நிஜமான பிழை மேடம்” என்றார் கலீமுல்லா. அவருக்கு வாயெல்லாம் பல். “மோசமான பிழை. என் கம்பைலரோட அடிமடியிலேயே இருக்குது. சரி பண்ண ஒரு வாரமாவது ஆகும்.”

புகாருக்குக் கீழே தமிழில் ஒரு சிறு குறிப்பு தனியாக இருந்தது. அதைத் தேவகியே படித்தாள்.

‘என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். சேலைக்குக் கரை டிசைன் போடுகிறேன். இதுவரை பதினேழு சேலை விற்றுப் போயிருக்கிறது. யார் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்கும் தெரியாது.

அவசரம் இல்லை. பதில் மெதுவாகவே வரட்டும்.’